விரோதமில்லை

மலையாள நாட்டின் தலைநகரில், வலியசாலைத் தெருவில் பகவதிப்பெருமாளின் நாள், பால் பாக்கெட்டுகளை எடுப்பதற்காக அவர் வாசற்கேட்டைத் திறப்பதில் தொடங்கும். கடந்த நான்கு மாதங்களாக, கேட்டைத் திறந்தவுடன் அவர் கண்ணிற்படுவது மயில்நீல நிறத்தில் உயர்ந்து நிற்கும் ஒரு புதிய கார். அதன் கதவு கண்ணாடிபோலப் பளபளக்கும். வேட்டியை மடித்துக் கட்டி, கைக்கொரு பால் பாக்கெட்டைப் பிடித்தபடி, ஐம்பத்தெட்டு வயது மனிதர் ஒருவர் அதில் குறுகிப்போய்த் தெரிவார். அந்த மனிதரைப் பார்க்கப் பெருமாளுக்குப் பிடிப்பதில்லை.

கார் அவருடையதன்று. அவருடைய மனைவி சுசீலாபாயின் தங்கை ரத்னாபாயை மணந்திருந்த உமாசங்கரனுடையது. சங்கரனின் வீடு அதே தெருவிலிருந்து பிரியும் ஒரு சந்தினுள் இருந்தது. அச்சந்தினுள் ஸ்கூட்டர் நுழையும், கார் நுழையாது. ஆகவே, "அண்ணாச்சி வீட்டு வாசல்ல நிக்கட்டும்" என்று சங்கரன் உரிமையோடு கொண்டுவந்து நிறுத்திவிட்டார். காலைநடை செல்வோர், "அடிபொளி வண்டி, சாரே. எப்ப எடுத்தது?" என்று வியந்து கேட்டுச் செல்வர். "என் சகலையோடது" என்னும் விடையை நாளொன்றுக்கு நான்கு முறையேனும் சொல்ல வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அவ்விடை அவர் நாவில் வேப்பங்காயாய்க் கசந்தது.

இக்கசப்புக்கு வயது பல. பெருமாள் பட்டதாரி, காப்பீட்டு அலுவலகத்தில் நிரந்தரப் பணியில் இருப்பவர். சங்கரன் பத்தாம் வகுப்போடு பள்ளியை விட்டுச் சாலைக் கடைத்தெருவில் பெயின்ட் கடை வைத்தவர். தொடக்க ஆண்டுகளில் மாமியார் சிவகாமியம்மாள் உறவினரிடம், "மூத்த மருமகன் ஆபீசர்" என்றுதான் பேச்சையே தொடங்குவார். கடை ஒன்று மூன்றான பிறகு அவர் பேச்சு இளைய மருமகனிடமிருந்து தொடங்கலாயிற்று. விருந்துகளில் முதற்பாயசம் எந்த இலையில் விழுகிறது என்பதைப் பெருமாள் ஓரக்கண்ணால் கவனிப்பவரானார்.

சென்ற ஆண்டு பொன்முடி மலைக்கு, இவர் தம் காரிலும் சங்கரன் கடை வேனிலுமாக இரு குடும்பமும் சென்றபோது நிகழ்ந்ததை அவர் இன்றும் மறக்கவில்லை. அவருடைய பழைய கார் ஒன்பதாம் கொண்டையூசி வளைவில் புகை கக்கி நின்றுவிட்டது. பின்னால் வந்த சங்கரன் இறங்கி, பானெட்டைத் திறந்து பார்த்து, "அண்ணாச்சி, உங்களுக்கு முந்தி வண்டிக்கு ரிட்டயர்மென்ட் குடுத்திரலாம் போலிருக்கே" என்றார். எல்லாரும் சிரித்தனர்; சுசீலாவும் சிரித்தார். சங்கரனுக்கு அஃது அப்போதே மறந்த வேடிக்கை. பெருமாளுக்கோ நெஞ்சில் தைத்த முள்.

அவருடைய அலுவலகப் பழக்கம் ஒன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். முப்பத்திரண்டு ஆண்டுக் கால ஊழியத்தில் அவர் கடைப்பிடித்த நெறி ஒன்றே: கேட்டதற்கு விடை, கேளாததற்கு மௌனம். "கூடுதல் பேசினவன்தான் மெமோ வாங்குவான்" என்பார். அடுத்த இருக்கையிலிருந்த ஷீனா என்னும் பெண்மணி இதற்கு நேர்மாறானவர். ஒன்று கேட்க வந்தவருக்கு நான்கு சொல்லி அனுப்புவார். அதனால் அவர் முன்னே எப்போதும் கூட்டம். பெருமாளின் முன்னே எப்போதும் அமைதி. அந்த அமைதியைத் தம் திறமைக்குச் சான்றாக அவர் எண்ணியிருந்தார்.

இந்நிலையில் ஒரு ஞாயிறு காலை சங்கரன் ஒரு பிளாஸ்டிக் உறையோடு வந்தார். உடன் ரத்னாவும் வந்தார். நேபாளத்துக்குக் காரிலேயே போகத் தீர்மானித்திருப்பதாகவும், பசுபதிநாதரைத் தரிசித்துவிட்டுப் போக்கரா ஏரியையும் பார்த்துத் திரும்புவதாகத் திட்டம் என்றும் சொன்னார். எல்லையில் வண்டிக்கு அனுமதிச்சீட்டு வாங்க வேண்டும் என்பதைப் பயணக் குழு ஒன்றில் விசாரித்து அறிந்திருந்தார். காப்பீட்டைப் பற்றி மட்டும் அங்கே யாரும் பேசியிருக்கவில்லை. "அதுக்குத்தான் நம்ம வீட்டுலயே ஆள் இருக்கே" என்று கூறி, உறையைப் பெருமாளிடம் நீட்டினார்.

அது கார் வாங்கிய கடையிலேயே எடுத்த, வேறொரு நிறுவனத்தின் பாலிசி. 'என்னிடம் ஒரு வார்த்தை கேட்டு, என் அலுவலகத்தில் எடுத்திருக்கக்கூடாதா?' என்று பெருமாள் உள்ளம் முதலில் புழுங்கிற்று. பிறகு தொழிற்பழக்கத்தால் அவர் பார்வை தானாகவே முதற்பக்கத்தின் நடுவே சென்றது. 'புவியியல் எல்லை: இந்தியா' என்று அங்கே அச்சாகியிருந்தது.

அதன் பொருளை அவர் நொடியில் அறிந்தார். எல்லைக்கோட்டைத் தாண்டிய மறுகணமே அந்தத் தாள் வெறுந்தாளாகிவிடும். அங்கே கார் பள்ளத்தில் உருண்டாலும், யார்மீதேனும் மோதிவிட்டாலும், இந்த நிறுவனம் ஒன்றும் தராது. முழுப் பொறுப்பும் சங்கரன் தலையில் விழும். புறப்படுமுன் விண்ணப்பம் ஒன்று கொடுத்து, சிறு தொகையைக் கூடுதலாகச் செலுத்தினால், நேபாளத்தையும் சேர்த்துப் பாலிசியோடு ஓர் இணைப்புத்தாள் தருவார்கள். இதைச் சொல்ல அரை நிமிடம் போதும்.

"ஃபுல் கவர்தானே அண்ணாச்சி?" என்றார் சங்கரன்.

"ஃபுல் கவர்தான்."

இது பொய்யன்று, இந்தியாவுக்குள் அது முழுக் காப்பீடுதான்.

"அப்ப வண்டிய நேபாளம் கொண்டு போறதுக்கு விரோதம் ஒண்ணும் இல்லல்லா?"

தடையேதும் இல்லையா என்பதைத்தான் மலையாள நாட்டில் அவ்வாறு கேட்பார்கள். பெருமாளின் அலுவலகத்திலும் நாள்தோறும் பலமுறை ஒலிக்கும் சொல் அது. அவர் தாள்களை அடுக்கி உறையினுள் வைத்தார்.

"விரோதமில்ல" என்றார்.

அடுக்களை வாயிலில் அவியலுக்குக் காய் நறுக்கிக்கொண்டிருந்த சுசீலா அதைக் கேட்டார். கணவரின் சொல்லில் அவருக்கு ஐயம் ஏதும் எழவில்லை. காரில் இருவர்க்கு இடமிருக்கிறது, அக்காளும் அத்தானும் வர வேண்டும் என்று ரத்னா வற்புறுத்தினார். தணிக்கைக் காலம், விடுப்பு கிடைக்காது என்று பெருமாள் கூறிவிட்டார். சகலையின் காரில் பின்னிருக்கையில் அமர்ந்து மூவாயிரம் கிலோமீட்டர் செல்வதை அவரால் எண்ணிப்பார்க்கவும் இயலவில்லை.

புதன்கிழமை, இலையில் சோறு பரிமாறிக்கொண்டே சுசீலா நிதானமாகச் சொன்னார்: "நான் ரத்னாகூடப் போயிட்டு வாறேன். இந்த ஊரவிட்டு நான் பொன்முடி தாண்டினதில்ல."

பெருமாள் இப்போதாவது சொல்லியிருக்கலாம். ஆனால், ஞாயிறன்று பார்த்ததைப் புதனன்று சொன்னால், மூன்று நாள் ஏன் மறைத்தீர் என்னும் வினா எழும். "போயிட்டு வா" என்று மட்டும் கூறினார். 'ஆயிரம் பேர் போகிறார்கள். எல்லாருக்குமா விபத்து நேர்கிறது?' என்று தமக்குத்தாமே ஆறுதல் சொல்லிக்கொண்டார்.

புறப்படும் நாளன்று காலை சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பிள்ளையாருக்குச் சிதறுகாய் உடைத்தாயிற்று. முன்னிருக்கையில் சுசீலா, ரத்னாவின் கறுப்புக் கண்ணாடியை அணிந்து அமர்ந்திருந்தார். பெருமாள் காரின் ஜன்னலருகே குனிந்தார். மெய்யாகவே சொல்லிவிட எண்ணினார். "சங்கரா, ஒரு காரியம்" என்று தொடங்கவும் செய்தார்.

"நீங்க ஒண்ணும் பயப்படாண்டாம் அண்ணாச்சி. நம்ம வண்டி ஹேர்பின்ல நிக்காது" என்று சிரித்தார் சங்கரன்.

பொன்முடி முள் மீண்டும் தைத்தது. "பாத்துப் போங்க" என்று கூறி விலகி நின்றார் பெருமாள்.

அதன்பின் நாள்தோறும் குடும்பக் குழுவில் படங்கள் வரலாயின. நாகபுரியில் கூடைக்காரியிடம் ஆரஞ்சு வாங்கும் சுசீலா. நருமதைப் பாலத்தின்மேல் காற்றில் முந்தானை பறக்க நிற்கும் சுசீலா. முப்பதாண்டு இல்லறத்தில் தம் மனைவி இவ்வாறு வாய்விட்டுச் சிரித்து அவர் கண்டதில்லை. சங்கரனின் கார்மீது மட்டுமன்றி, அந்தக் காரில் மலர்ந்த மனைவியின் சிரிப்பின்மீதும் அவருக்குப் பொறாமை உண்டாயிற்று. மாமியார் ஒவ்வொரு படத்தின் கீழும் கைகூப்பும் பொம்மைகளை அனுப்பிக்கொண்டிருந்தார். பெருமாள் ஒன்றும் அனுப்பவில்லை.

ஆறாம் நாள் முற்பகல். அலுவலகத்தில் அவர்முன் சுபின் என்னும் இளைஞன் வந்து நின்றான். சொந்தப் பயன்பாட்டுக்கெனப் பாலிசி எடுத்த காரை வாடகைக்கு ஓட்டியவன். நெய்யாற்றின்கரை அருகே கல்யாண வீட்டாரை ஏற்றிச் சென்றபோது மதிலில் மோதிவிட்டான். வாடகை ஓட்டம் என்பதால் இழப்பீடு மறுக்கப்பட்டிருந்தது. சென்ற ஆண்டு பாலிசியைப் புதுப்பிக்க வந்தபோது, இதே இடத்தில் நின்றுகொண்டு, விமான நிலைய ஓட்டம் ஒன்றை அவன் அலைபேசியில் ஒப்புக்கொண்டதைப் பெருமாள் காதாரக் கேட்டிருந்தார். பாலிசி நடப்பிலிருக்கிறதா என்று மட்டுமே அவன் வினவினான். இருக்கிறது என்று மட்டுமே இவர் சொன்னார்.

சுபின் கோபப்படவில்லை; அதுவே கொடுமையாக இருந்தது.

"சாருக்கு அன்னைக்கே தெரியும், அல்லே?"

"நீ கேக்கலியே தம்பி. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"தெரியாத்தவன் எங்ஙன சாரே கேக்கும்?" என்றான் அவன். "தெரிஞ்சவன் அல்லே சொல்லணும்?"

மறுப்புக் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அவன் படியிறங்கிப் போனான். பெருமாள் தம் எதிரிலிருந்த வெற்று நாற்காலியைப் பார்த்தார். சுபினிடம் அவருக்குப் பகையேதும் இருந்ததில்லை. அங்கே அவரை ஊமையாக்கியது வெறும் பழக்கம். சங்கரன் விஷயத்தில் அந்தப் பழக்கத்தைப் பொறாமை கருவியாக எடுத்துக்கொண்டது. இந்த உண்மை நிர்வாணமாக முன்னே நின்றது. எழுந்து வராந்தாவுக்குச் சென்று, மனைவியின் எண்ணை அழைத்தார்.

கோரக்பூரைத் தாண்டிவிட்டதாகவும், எல்லைக்கு இன்னும் நாற்பது கிலோமீட்டரே இருப்பதாகவும் சுசீலா உற்சாகத்தோடு சொன்னார்.

"வண்டிய ஓரமா நிறுத்தச் சொல்லு. ஸ்பீக்கர்ல போடு."

கார் நின்றது. பெருமாள் சொல்ல வேண்டியதைச் சுருங்கச் சொன்னார்: அந்தப் பாலிசி இந்தியாவுக்குள் மட்டும், எல்லையைத் தாண்டினால் செல்லாது, தாண்டக்கூடாது.

"அண்ணாச்சி" என்றார் சங்கரன் மெதுவாக. "இது உங்களுக்கு இப்பதான் ஓர்மை வந்துதா? இல்ல, அன்னைக்கே பாத்தியளா?"

தப்புவதற்கு வழியொன்றைச் சங்கரனே திறந்து வைத்துவிட்டார். 'இப்போதுதான் நினைவு வந்தது' என்று சொன்னால் போதும். மானம் பிழைக்கும், நன்றியும் கிடைக்கும். அந்தப் பொய் பெருமாளின் உதட்டு நுனியில் வந்து நின்றது. சுபின் மடித்த கடிதம் அவர் கண்முன் தோன்றிற்று.

"அன்னைக்கே பாத்தேன்" என்றார். "தெரிஞ்சுதான் சொல்லல."

"வண்டியத் திருப்புகேன், மைனி" என்று சங்கரன் சுசீலாவிடம் சொல்வது மட்டும் கேட்டது. பிறகு தொடர்பு அறுந்தது.

அன்று பிற்பகலே பெருமாள் அரைநாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, ஷீனா விசாரித்துச் சொன்னபடி, சங்கரனுக்குப் பாலிசி அளித்த நிறுவனத்தின் கிளைக்குச் சென்றார். முப்பத்திரண்டு ஆண்டுகளில் கண்ணாடித் தடுப்புக்கு வெளிப்புறம் அவர் நிற்பது அதுவே முதன்முறை. உள்ளேயிருந்த பிரஜின் என்னும் ஊழியர், அவர் கேட்ட விண்ணப்பத்தைக் கொடுத்ததோடு நில்லாமல், பதிவுச் சான்றின் நகலும் தேவைப்படும் என்றும், நாட்களை இரண்டு கூடுதலாகவே குறிப்பிடும்படியும், மலைப்பாதையில் மண்சரிந்து திரும்பத் தாமதமானால் அது கைகொடுக்கும் என்றும் தாமாகவே எடுத்துரைத்தார். இவற்றில் ஒன்றையும் பெருமாள் கேட்கவில்லை. கேளாமல் வந்த அச்சொற்கள் ஒவ்வொன்றும் அவரைச் சுட்டன.

கோரக்பூரிலேயே காத்திருக்கும்படி சங்கரனுக்குச் செய்தி அனுப்பி, பதிவுச் சான்றின் நகலை வரவழைத்துக் கொடுத்தார். மறுநாள் மாலை இணைப்புத்தாள் சங்கரனின் அலைபேசிக்குச் சென்று சேர்ந்தது. கோரக்பூரில் ஒருநாள் வீணாகத் தங்கியதால் போக்கரா ஏரியைக் கைவிட நேர்ந்தது. மற்றபடி பயணம் நன்கு நிறைவேறிற்று. காரில் ஒரு கீறலும் விழவில்லை. குடும்பக் குழுவில் மட்டும் அதன்பிறகு படமொன்றும் வரவில்லை.

அவர்கள் திரும்பிய மறுநாள், பால் எடுக்க வந்த பெருமாள் கேட்டைத் திறந்தார். வாசல் வெறிச்சோடிக் கிடந்தது. சங்கரன் காரைக் கிழக்கேகோட்டையில் வாடகைக்கு இடம் பிடித்து நிறுத்திவிட்டு ஆட்டோவில் வந்ததாகப் பிறகு தெரிந்தது. நான்கு மாதங்களாக எது அகல வேண்டும் என்று அவர் ஏங்கினாரோ, அஃது அகன்றுவிட்டது. ஆயினும் அந்த வெற்றிடத்தைக் காண அவருக்குத் தாளவில்லை. காலைநடைக்காரர் ஒருவர், "வண்டி எவிடெ, சாரே?" என்று கேட்டார். பெருமாள் பால் பாக்கெட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே திரும்பினார்.

உள்ளே சுசீலா பசுபதிநாதர் பிரசாதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

பெருமாளே தொடங்கினார். "ஒண்ணும் ஆகல்லியே, சுசீலா. நல்லபடியா வந்தாச்சு. சத்தியமாச் சொல்லுதேன், சங்கரன்மேல எனக்கு ஒரு விரோதமும் கெடையாது."

சுசீலா நிமிர்ந்து பார்த்தார். குரலை உயர்த்தவில்லை.

"அன்னைக்கும் இந்த வார்த்தையத்தான் சொன்னிய. மலையாளத்துல விரோதமில்லன்னா தடையில்லன்னு அர்த்தம். தடை இருந்துது, அது உங்களுக்குத் தெரியும். தமிழ்ல விரோதமில்லன்னா பகையில்லன்னு அர்த்தம். அதுவும் இருந்துது. ஒத்த வார்த்தைல ரெண்டு பாஷையிலயும் பொய் சொல்லியிருக்கிய." சற்று நிறுத்தி, "நான் அந்த வண்டில முன்சீட்டுல இருந்தேன்" என்றார்.

பெருமாள் பால் பாக்கெட்டுகளை மேசைமேல் வைத்தார். சட்டையைக்கூடப் போட்டுக்கொள்ளாமல், தோளில் துண்டோடு தெருவிலிறங்கிச் சந்தினுள் நடந்தார். சங்கரன் கடைக்குப் புறப்பட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நின்றார். ரத்னா பெருமாளைக் கண்டதும் உள்ளே போய்விட்டார்.

"சங்கரா, வண்டியக் கொண்டு நம்ம வாசல்ல விடு."

சங்கரன் அவரை நேராக நோக்கி, "விரோதம் இல்லல்லா, அண்ணாச்சி?" என்று கேட்டார். அது வேடிக்கையா, வினாவா என்பது அவர் முகத்திலிருந்து தெரியவில்லை.

"இருந்துது" என்றார் பெருமாள். "பொன்முடிக்குப் போன அன்னைலேருந்து இருந்துது. இல்ல, அதுக்கும் முந்தியே இருந்துது. உன் வண்டியப் பாத்து எனக்கு வயிறு எரிஞ்சுது. அந்த எரிச்சல்ல, என் பொண்டாட்டி உட்பட மூணு பேரையும் ஒண்ணுக்கும் உதவாத ஒரு பேப்பரோட அனுப்பிவச்சேன். கேட்டாத்தான் சொல்லணும்னு முப்பத்திரண்டு வருஷமா சட்டம் பேசிட்டிருந்தேன். தெரிஞ்சத மறைக்கதுக்குப் பேரு சட்டம் இல்ல, துரோகம்."

சங்கரன் தலைகுனிந்து செருப்பின் வாரைச் சரிசெய்தார். "அந்த ரிட்டயர்மென்ட் தமாஷ நானும் சொல்லியிருக்கப்படாது" என்றார். மூன்று நாள் கழித்தே கார் வாசலுக்குத் திரும்பிற்று. முன்புபோல் நடுவில் நில்லாமல், கேட்டைத் திறக்க வழிவிட்டு ஓரமாக நின்றது.

பெருமாள் ஓய்வுபெற இன்னும் ஓராண்டு சொச்சம் இருக்கிறது. இப்போது அவர் முன்னேயும் கூட்டம் கூடுகிறது. யார் எதைக் கேட்டு வந்தாலும், "வண்டிய எதுக்கு ஓட்டுதிய? எந்த ஊருக்குக் கொண்டு போறிய?" என்று அவரே முந்திக்கொண்டு வினவுகிறார். அறியாதவன் கேட்க மாட்டான். ஆதலின் அறிந்தவன்தான் சொல்ல வேண்டும். பொறாமையால் அடைத்த வாய், பொய்யுரைத்த வாயினும் கொடிது.

"அடிபொளி வண்டி, சாரே. யாரோடது?" என்று சென்ற வாரம் தெருவுக்குப் புதிதாய்க் குடிவந்த ஒருவர் கேட்டார்.

"என் சகலையோடது" என்றார் பெருமாள். அத்தோடு நில்லாமல், கேளாமலே சேர்த்துச் சொன்னார்: "நேபாளம் வரைக்கும் போயிட்டு வந்த வண்டி."